அலுமாரிக்குப் பின்னால் ஒரு சுவர்

வீடு விற்கப் போகிறவர்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்பது உலக வழக்கம். அதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம். வங்கியிலிருந்து வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வருகிறது என்று தெரிந்ததும் குடும்பச் சிநேகிதர் அல்பேர்ட் அண்ணை பெயின்ற் வாளியோடும் ஏணியோடும் வந்து இறங்கினார். குமுதினி அக்கா பற்றீசுக்கு மா குழைத்தார். நான் யன்னல்களைத் துடைத்தேன். அக்காவின் புருசன், வீட்டுக்காரரான மகேந்திரராஜா அண்ணை வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட அளவு பார்த்து அடுக்கினார். ஆளுக்கொரு பக்கமாக நின்று அந்தக் குடும்பத்தை நட்டாற்றில் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வத்சலா. வெள்ளியும் சனியும் குமுதினி அக்காவின் கெல்லரில் ரோல்ஸ் சுருட்டுகிறவள். கெல்லர் என்றால் நிலத்துக்குக் கீழே இருக்கிற தளம். ஜேர்மன்காரர் அதில் சைக்கிளும் வைன் போத்தலும் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதல் வேலையாக அதில் ஒரு குசினி கட்டிவிடுவார்கள். மேலே இருக்கிற குசினி பார்வைக்கு, கீழே இருக்கிறதுதான் சமையலுக்கு. அக்காவின் கெல்லர் குசினியில் இருந்துதான் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிறந்தநாள், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும், கறியை மாவுக்குள் வைத்துப் பொரிக்கிற ரோல்சும் பற்றீசும் போகும். வாய்ச் சாப்பாட்டுக்கு வந்து, அப்படியே வாய்க் கதைக்கும் நின்று, கடைசியில் கையையும் மாவில் வைத்தவள் நான். அடுத்த வீட்டு விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் காது நீளம். அதை நான் ஒளிப்பதில்லை.

ஊர் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ட்ராமில் வருகிற தூரம். ரைன் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. சித்திரை பிறந்தால் வயல்களில் ஸ்பார்கல் என்கிற வெள்ளைத் தண்டுக்கு மண்ணை வரம்பாக ஏற்றி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் விரித்திருப்பார்கள். எங்கே தோண்டினாலும் தண்ணீர்தான். வயலுக்கு அது நல்லது, கெல்லருக்கு நல்லதில்லை. மகேந்திரராஜா அண்ணை வீடு வாங்கியது ஒரு கோடை காலத்தில். கோடையில் எல்லாக் கெல்லரும் காய்ந்துதான் இருக்கும்.

அண்ணை கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை செய்து அந்த வீட்டை வாங்கினவர். பகலில் நித்திரை, இரவில் இயந்திரம். அந்த வீட்டில் ஒரு குறை சொன்னால் அவரையே குறை சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடும். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. அண்ணைக்கு முதுகுவலிதான் மிச்சம். அதே காலத்தில் வீட்டுக் கடனுக்கு வட்டியும் ஏறியது. மாதக் கட்டுப்பணம் இரண்டு மூன்று தவறி, பேச்சு முற்றி, கடைசியில் வங்கி ஏலம் என்று சொல்லிவிட்டது.

ஏலம் என்ற சொல்லை அக்கா எங்களிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை. கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். மகள் வேணுஜா பிராங்பேர்ட்டில் இருந்து வந்து, வேலைக்குப் போகிற நல்ல உடுப்போடு மாப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏலத்துக்கு விட்டா, ஆர் வாங்கிறாங்களோ அவங்கள் எங்களை எழுப்பிப்போடுவாங்கள்," என்றார் அக்கா. "வீடு போனாப் போகட்டும் வத்சலா. இந்தக் குசினியும் போனா நான் எங்க போய் அடுப்பு வைக்கிறது? மாடி வீட்டில வாடகைக்கு இருந்து கொண்டு நூறு ரோல்ஸ் பொரிச்சா பக்கத்து வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடுவாள்."

"அதுக்குத்தானே அம்மா வேற வழி சொல்லுறன்," என்றாள் வேணுஜா. "ஏலத்துக்கு முதல் நாங்களே ஒரு ஆளைப் பிடிச்சு வித்தா பாங்க் பாக்கும். விலை கடனுக்குக் காணாது. எண்டாலும் பாங்க் சம்மதிச்சா விக்கலாம். மிச்சக் கடனில பெரும் பங்கை விட்டுத் தருவினம்."

என் காது இன்னும் கொஞ்சம் நீண்டது. "அதெப்பிடிப் பிள்ளை? குடுத்த காசை விடக் குறைச்சு வித்தா, குடுத்தவன் சிரிச்சுக்கொண்டு சரியெண்டுவானே?"

"சிரிக்க மாட்டினம் அன்ரி. ஆனா ஏலத்தில இன்னும் குறையப் போகும் எண்டு அவைக்குத் தெரியும். செலவு, அலைச்சல் எல்லாம் வேற. அதை விட இது பரவாயில்லை. ஆனா ஒண்டு. வீடு உண்மையா அந்த விலைக்கு மேல போகாது எண்டு அவையின்ர ஆள் வந்து பாத்து எழுதோணும்."

"வரட்டும், பாக்கட்டும்," என்றார் மகேந்திரராஜா அண்ணை படிக்கட்டில் நின்றபடி. "எங்கட வீட்டுக்கு என்ன குறை?"

வேணுஜா போகும்போது, "வீட்டை இருக்கிறபடியே விடுங்கோ அப்பா, ஒண்டும் செய்ய வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்நிய ஆள் வருகிற வீட்டை இருக்கிறபடி விடுவது எந்தத் தமிழ்ச் சனத்தால் முடியும்? பெண் பார்க்க வருகிறார்கள், பிள்ளையை இருக்கிறபடி விடுங்கோ என்று யாரும் சொன்னால் கேட்போமா?

வாங்குகிற ஆட்கள் மதிப்புப் போட ஆள் வர முதலே கிடைத்திருந்தார்கள். சேஷாத்ரி, பாமா. சென்னைக்காரர். இரண்டு பேருக்கும் கார்ல்ஸ்ரூஹேயில் கம்பியூட்டர் வேலை. வீடு பார்க்க வந்த அன்று அந்தப் பெண் பாமா, கதவடியில் நின்று அக்காவைப் பார்த்து, "நீங்களும் வாங்கோ, சேர்ந்தே பாக்கலாம்," என்றாள். இந்தியாக்காரி எங்களைப் போல 'வாங்கோ' சொல்கிறாளே என்று அக்காவுக்கு அங்கேயே மனம் விழுந்துவிட்டது. அவர்கள் மேல் தளத்தை எடுத்துக்கொண்டு, கீழ்த் தளத்தையும் கெல்லரையும் அக்கா குடும்பத்துக்கே வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. வாடகை வந்தால்தான் அவர்களுக்கும் கட்டுப்படியாகும். அவர்களால் கொடுக்க ஏலுமான விலையைச் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களிடம் இல்லை.

"ஆனா ஆன்ட்டி, ஒரு சின்ன விஷயம்," என்று சேஷாத்ரி தயங்கினான். "நாங்க ப்யூர் வெஜ். கீழேருந்து மட்டன் ஸ்மெல் வருமா?"

"மட்டன் ரோல்ஸ் வெள்ளிக்கிழமை செய்யிறேல்லைத் தம்பி, வெள்ளி முழுக்க மரக்கறிதான்," என்றார் அக்கா. அது கேள்விக்குப் பதில் இல்லை என்றாலும் அவன் தலையாட்டினான்.

மதிப்புப் போட வந்தவர் ஃபிராவ் ஹெர்போல்ட் என்ற பெண். வாட்டசாட்டமானவர், நீண்ட கால்கள், கையில் ஒரு அளவுக் கருவி. அல்பேர்ட் அண்ணை முதல் நாளே கெல்லரின் பின்னறையை முடித்திருந்தார். அங்கே ஒரு சுவர் அடிப்பக்கமாக ஊறும். மழை பெய்தால் கறுத்த பூஞ்சணம் பூக்கும். அதை அவர் சுரண்டி, புட்டி வைத்து இழுத்து, உரசி, வெள்ளை அடித்து, காய வைக்க வெப்பக் காற்று விசிறியையும் பூட்டிவிட்டார். வேலையென்றால் அல்பேர்ட் அண்ணை வேலைதான். சுவரைக் கையால் தடவினால் முட்டைக் கோது மாதிரி வழுக்கும். அதற்கு முன்னால் அக்காவின் பெரிய பாத்திர அலுமாரி வழக்கம்போல நின்றது. சென்னைக்காரர் வந்த அன்று போட்ட மாதிரியே சாம்பிராணியும் போட்டோம்.

ஃபிராவ் ஹெர்போல்ட்டை முதலில் வரவேற்பறையில் இருத்தி, பற்றீஸ், மீன் ரோல்ஸ், கேக், தேத்தண்ணி என்று வைத்தோம். அவர் வேண்டாம் என்று சொல்லி, ஒன்றைக் கடித்து, பிறகு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அறை அறையாகப் போனார். ஒவ்வொரு அறையிலும், "இங்கே ஏதும் பழுது இருக்கிறதா?" என்று கேட்டார். ஒவ்வொரு அறையிலும் அண்ணை நெஞ்சை நிமிர்த்தி, "இல்லை, எல்லாம் நல்லம்," என்றார். கெல்லரில் அலுமாரிக்கு முன்னால் நின்றும் அதையேதான் சொன்னார். போகும்போது அக்கா ஒரு பெட்டி ரோல்சும் கட்டிக் கொடுத்தார்.

"மனுசிக்குத் திருப்தி," என்றார் அண்ணை கதவைச் சாத்திவிட்டு. "முகத்தைப் பாத்தாலே தெரியுது."

திருப்திதான். அந்தத் திருப்தியை அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார்.

வைகாசியில் வேணுஜா தொலைபேசி எடுத்தபோது நாங்கள் கெல்லரில் கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அல்பேர்ட் அண்ணையும் கூலியாக இரண்டு ரோல்ஸ் தின்ன வந்திருந்தார். அக்காவின் கை முழுக்க மாவு. அதனால் தொலைபேசியை மாப் பலகையில் வைத்து எல்லோரும் கேட்கப் பேசினார்.

"அம்மா, பாங்க் ஏலாது எண்டிட்டுது."

"ஏனாம்?"

"வீடு நல்ல நிலையில இருக்காம். பழுது ஒண்டும் இல்லையாம். சேஷாத்ரி அண்ணா சொன்ன விலை சரியான குறைவாம். அந்த விலைக்குக் குடுக்கிறதை விட ஏலத்தில விட்டா கூட வருமாம்."

அண்ணைக்குத்தான் முதலில் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வீட்டுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது என்ற சிரிப்பு. பிறகு அது மெல்ல மெல்ல அவர் முகத்தை விட்டுப் போனது.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று வேணுஜா கேட்டாள். "நான் இருக்கிறபடி விடச் சொன்னனெல்லே?"

"ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை," என்றார் அக்கா. "கூட்டித் துடைச்சம்."

"கூட்டித் துடைச்சு மட்டுமோ?"

அல்பேர்ட் அண்ணை தொலைபேசியைப் பார்த்துக் குனிந்தார். "பிள்ளை, நான்தான் அந்தச் சுவருக்குக் கொஞ்சம் வெள்ளை..."

"கடவுளே, அல்பேர்ட் மாமா."

"சும்மா கொஞ்சம்தான் பிள்ளை. மூண்டு கோட்."

அந்தப் பக்கம் வேணுஜா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசியில், "அவையைத் திரும்பக் கூப்பிடோணும். நான் கதைச்சுப் பாக்கிறன். ஆனா இந்த முறை எல்லாத்தையும் காட்டோணும். ஒண்டும் மறைக்கக் கூடாது," என்றாள்.

தொலைபேசி வைத்த பிறகுதான் வீட்டுக்குள் உண்மையான சண்டை தொடங்கியது.

"திரும்பக் கூப்பிட்டு என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அண்ணை. "என்ர வீடு குப்பை எண்டு நானே சொல்லுறதோ? ஊருக்கெல்லாம் நல்ல வீடு எண்டு சொல்லிப்போட்டு?"

"ஊர் வந்து கட்டுக் காசு கட்டப் போகுதே?" என்றார் அக்கா.

"சரி, அந்த பாங்க் மனுசிக்குச் சொல்லுவம். ஆனா அந்தச் சென்னைப் பிள்ளையளுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஓடியிடுவினம். பிறகு ஆருக்கு விக்கிறது?"

சிக்கல் அங்கேதான் இருந்தது, எனக்கும் அப்போதுதான் அது முழுதாகப் பிடிபட்டது. பழுதைச் சொன்னால்தான் வங்கி இறங்கும். பழுதைச் சொன்னால் வாங்குகிறவர்கள் போய்விடலாம். சொன்னாலும் வீடு போகலாம், சொல்லாவிட்டாலும் போகும். இப்படி ஒரு வியாபாரத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. விற்கிறவன் தன் பொருளைத் தானே பழித்து விற்க வேண்டும், அதுவும் வாங்குகிறவனுக்கு முன்னால்.

அக்கா ரோல்ஸ் ஒன்றை முட்டையில் தோய்த்து, தூளில் புரட்டி, தட்டில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். பிறகு, "அவையையும் அண்டைக்கு வரச் சொல்லுங்கோ," என்றார்.

"ஆரை?"

"பாமாவையும் புருசனையும். ஒரே நாளில வரட்டும். ரெண்டு தரம் சொல்ல எனக்கு ஏலாது."

"விசரே உமக்கு?" என்றார் அண்ணை.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு அந்தப் பிள்ளையளோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கப் போறம். மழை பெய்ஞ்சா அண்டைக்கே தெரியும். பிறகு எந்த முகத்தோட படியில காணுறது?"

அண்ணை மேலே போனார். கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

வேணுஜா வங்கியோடு மல்லுக்கட்டி, அந்த மனுசி திரும்ப வந்து பார்க்க இரண்டாவது டெர்மின், அதாவது ஒரு நாள் குறித்து வாங்கினாள். ஆனி மாதம். அந்தக் கிழமை முழுக்க மழை. ஸ்பார்கல் பருவம் முடிகிற நேரம், வயல்காரர் பிளாஸ்டிக்கைச் சுருட்ட முடியாமல் சேற்றில் நின்றார்கள். எங்களுக்கோ அந்த மழை வரமாக இருந்தது. மழையைக் கண்டு சந்தோசப்பட்ட கெல்லர்காரி அக்கா ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

வேணுஜா முதல் நாளே வந்துவிட்டாள். ஃபிராவ் ஹெர்போல்ட் வந்தார். இந்த முறை பற்றீஸ் இல்லை. அக்காவுக்குத்தான் கை பரபரத்தது. வந்த ஆளை வெறும் வாயோடு நிறுத்தி வைப்பது அவருக்கு உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு சேஷாத்ரியும் பாமாவும் குடையை உதறிக்கொண்டு வந்தார்கள். எதற்கு வரச் சொன்னார்கள் என்று தெரியாத முகங்கள்.

அல்பேர்ட் அண்ணை அலுமாரியைத் தள்ளினார். பின்னால் அவருடைய வெள்ளைச் சுவர், அடியில் ஏற்கெனவே மஞ்சளாக ஊறத் தொடங்கியிருந்தது. தட்டைக் கத்தியை எடுத்தார். 

"நல்ல வேலை இது," என்றார் என்னைப் பார்த்து. "சத்தியமா, ஒரு கோடு இல்லாமல் இழுத்தனான்."

"தெரியும் அண்ணை," என்றேன்.

சுரண்டினார். வெள்ளை, புட்டி, அதன் கீழே ஈரச் சாந்து, அதன் கீழே கறுப்பு. ஃபிராவ் ஹெர்போல்ட் ஈரம் அளக்கிற கருவியைச் சுவரில் வைத்ததும் அது கத்தியது. அவர் அண்ணையைப் பார்த்தார். போன முறை இங்கே பழுது இல்லை என்றீர்களே என்று கேட்டார்.

அண்ணை வாயைத் திறந்தார். "எல்லாம்..." என்றார். பழக்கதோசம். வேணுஜா அவருடைய கையைப் பிடித்தாள்.

அப்போது அக்கா பேசத் தொடங்கினார். அக்காவின் ஜேர்மன் முழங்கால் ஆழம்தான். வேணுஜா மொழிபெயர்க்க வாயெடுத்தாள், அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

இந்தச் சுவர் இன்று நேற்று ஊறவில்லை என்றார். ஒவ்வொரு மாரிக்கும் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி, கோடையில் திரும்ப இறக்குவதாகச் சொன்னார். பூஞ்சணத்தை வினாகிரி தோய்த்த துணியால் துடைப்பதாகச் சொன்னார், துடைத்த அன்று இரவு இருமல் வருவதாகவும் சொன்னார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். குளியலறை யன்னல் பூட்டாது, தன் பழைய சேலைக் கரையைக் கிழித்து அடைத்து வைத்திருந்தார். அதை இழுத்து எடுத்துக் காட்டினார். மழைத் தூறல் உள்ளே வந்தது. பின் அறை வெப்பக் குழாய் சூடாகாது, விருந்தினர் வந்தால் அதன் மேல் போர்வையைப் போட்டுவிடுவார். கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதைத் தூக்கி ஃபிராவ் ஹெர்போல்ட்டின் கண் மட்டத்தில் பிடித்தார். பாதி தண்ணீர்.

ஒவ்வொரு அறையிலும் அக்காவின் குரல் தெளிந்துகொண்டு போனது. கள்ளம் பிடிபட்டவர் மாதிரித் தொடங்கியவர், கடைசியில் வீட்டைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் மாதிரிப் பேசினார். தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அண்ணை பின்னாலேயே வந்தார். வாளியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது எப்ப தொடக்கம்?"

"வேணு பத்தாம் வகுப்புப் படிக்கேக்க."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

அக்கா வாளியைக் கீழே வைத்தார். "நீங்கள் விடியப்புறம் வேலையால வருவியள். கண் சிவந்திருக்கும். வந்து, சப்பாத்தைக் கழட்ட முதல், வாசல் சுவரைக் கையால ஒருக்காத் தட்டிப் பாப்பியள். எங்கட வீடு எண்டு. அந்த நேரத்தில நான் வாளியைக் கொண்டு வந்து காட்டுறதே?"

அண்ணை அழவில்லை. கூரைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பி, சேஷாத்ரியைப் பார்த்தேன். அவன் முகம் இறுகியிருந்தது.

"இதெல்லாம் எங்ககிட்ட ஏன் மொதல்லயே சொல்லல?" என்றான். "நாங்க லைஃப் சேவிங்ஸ் போடறோம் சார். டோட்டலா வேற பிக்சர்தான் காட்டினீங்க."

சரியான கேள்வி. எங்கள் முகத்தில் அறைந்த மாதிரிக் கேள்வி.

பாமாதான் பேசினாள். அவள் அவ்வளவு நேரமும் எங்களுக்குப் பின்னால், கையில் அக்காவின் சேலைக் கரையோடு நின்றாள்.

"சேஷு, எனக்கு அந்தச் சுவர் தெரியும்."

"என்னது?"

"மொத நாளே தெரியும். அலமாரியை யாராவது செவுத்துலேர்ந்து ஒரு அடி தள்ளி வெப்பாளா? கெல்லர்ல பட்டப்பகல்ல சாம்பிராணி போடுவாளா?" அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "எங்க அம்மா மாம்பலம் வீட்ல பீரோவை அப்படித்தான் வெச்சிருந்தா ஆன்ட்டி. பின்னாடி முழுக்க ஓதம். எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்போ அது மேல பெரிய வெங்கடாஜலபதி படம் மாட்டினோம்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லைப் பிள்ளை?" என்றார் அக்கா.

"நீங்களா சொல்றேளான்னு பாத்தேன். கீழ் வீட்ல இருக்கப் போறவா எப்படிப்பட்டவான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் இல்லையா? செவுரை ரிப்பேர் பண்ணலாம்." தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். "கூரை வாளி மட்டும் நெஜமாவே எனக்குத் தெரியாது. அது கொஞ்சம் ஷாக்தான்."

சேஷாத்ரி அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. ஃபிராவ் ஹெர்போல்ட் எழுதினார், படம் எடுத்தார். கதவடியில் சப்பாத்தைப் போடும்போதுதான் அக்காவிடம், போன முறை தந்த அந்த மீன் ரோல்ஸ் இன்றைக்கு இல்லையா என்று கேட்டார். அக்கா கெல்லருக்கு ஓடினார். ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவரை அவர் தடுத்து, இந்த அலுவல் முடியட்டும், பிறகு காசு கொடுத்து வாங்குகிறேன் என்றார். அக்காவுக்கு அது அவமானமா மரியாதையா என்று பல நாள் விளங்கவில்லை. எனக்கு மரியாதையாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமை. சேஷாத்ரி ஒரு கட்டட வேலைக்காரரைக் கூட்டி வந்து கூரையைப் பார்த்தான். கணக்குப் போட்டான். திரும்ப வந்து பார்த்தான். நாங்கள் ரோல்ஸ் சுருட்டினோம். அண்ணை கெல்லரில் அந்தச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். ஒரு நாள் அரிசி மூட்டைகளைத் தானே தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. "இத்தனை வருசம் நீர் எப்பிடித் தூக்கினீர்?" என்று கேட்டார். "இடுப்பில வைச்சுத்தான்," என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

கடைசியில் வங்கி சம்மதித்தது. வீட்டின் மதிப்பு இறங்கி, சேஷாத்ரி சொன்ன விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வீட்டின் குறைகள் காப்பாற்றிய குடும்பம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். சேஷாத்ரியும் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. கெல்லர்ச் சுவருக்கு முன்னால் இனி எந்த அலுமாரியும் வரக்கூடாது.

பத்திரம் முடிக்கிற நோட்டார் அலுவலகத்தில் ஒப்பந்தத்தை வாசித்தபோது நான் வெளியே காத்திருந்தேன். வெளியில் வந்த அண்ணையின் கை வெறுமையாகத் தொங்கியது. வீட்டுத் திறப்புகளை, அந்தச் சாவிக் கோர்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவ்வளவு காலமும் கையிலேயே வைத்துச் சுழற்றுகிறவர். அக்கா அவருக்குப் பக்கத்தில் நடந்தார். எனக்கு அந்த வீட்டை நினைத்தும் துக்கம், அக்காவின் அடுப்பு அணையவில்லை என்பதை நினைத்துச் சந்தோசம். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

கார்த்திகை. சனிக்கிழமை. பெரிய ஓடர் ஒன்று. கெல்லரில் எண்ணெய் கொதிக்க, நான் மடிக்க, அக்கா சுருட்ட, அண்ணை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். குசினிக் குழாயின் அடியில் இருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. நான் கண்டேன், அண்ணையும் கண்டார். உடனே எழுந்து, குறடும் ஒட்டு நாடாவும் எடுத்துக்கொண்டு வந்து முழங்காலில் இருந்தார். பக்கத்தில் இருந்த வாளியை எட்டி எடுத்தார்.

"விடுங்கோ," என்றார் அக்கா.

"ரெண்டு சுத்து. ஒருத்தருக்கும் தெரியாது."

"வீடு அவையின்ர. போய்ச் சொல்லோணும்."

அண்ணை குறட்டோடு அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, ஒட்டு நாடாவை மேசையில் வைத்துவிட்டு, சட்டையை நீள்காற்சட்டைக்குள் விட்டு, தலையைக் கையால் வாரினார். ஏதோ வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி மேலே ஏறினார். நான் சும்மா இருப்பேனா? மாவுக் கையோடு கெல்லர்ப் படியில் பாதி வரை ஏறி நின்றேன்.

மேல் தளக் கதவு திறந்தது. சேஷாத்ரியின் குரல். "வாங்கோ சார். என்ன விஷயம்?"

"ஒண்டும் இல்லைத் தம்பி," என்றார் அண்ணை. "எல்லாம் நல்லம்."

போச்சு என்று நினைத்தேன். திரும்பி இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை.

"இல்லைத் தம்பி," என்று அண்ணையின் குரல் திரும்பக் கேட்டது. "ஒரு பழுது இருக்கு. கீழ குழாய் ஒழுகுது."

"ஓ, சரி சார், நான் ப்ளம்பரைக் கூப்பிடறேன்."

"ஓம். பின் அறையில இன்னும் சூடு வாறேல்லை. அது கன காலமா. அவ போர்வையைப் போட்டு மூடி வைச்சிருக்கிறா."

பிறகு குளியலறைக் கதவுப் பிடியைச் சொன்னார். பிறகு வாசல் படியில் உடைந்த கல்லைச் சொன்னார். ஒன்று சொல்லி முடிக்க இன்னொன்று வந்தது. இவ்வளவு காலமும் நெஞ்சுக்குள் அடைத்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் படியிறங்கி வருகிற மாதிரி இருந்தது.

நான் கீழே திரும்பிப் பார்த்தேன். அக்கா சுருட்டுவதை நிறுத்திவிட்டு, மாவுக் கை இரண்டையும் பலகையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, மேலே கேட்கிற அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை. என்னைக் கண்டதும், "எண்ணெய் கருகுது வத்சலா, அடுப்பைக் குறை," என்றார்.